பத்திரிகையாளர் மன்றத்தில் மனித உரிமைக் கூட்டம்: நாள் குறிப்பதிலிருந்து மனு போடுவது வரை

காவல் மரணம், சாதி வன்கொடுமை, நிலப் பறிப்பு என்று எதைப் பற்றியும் சென்னையில் ஊடகங்களைக் கூட்டிப் பேச வேண்டுமென்றால் பலரும் முதலில் போய் நிற்பது சேப்பாக்கத்தில்தான். பத்திரிகையாளர் மன்றமும் நிருபர்கள் சங்கமும் அங்கே இருக்கின்றன. அரங்கு பிடிப்பது பெரிய வேலை இல்லை. சொல்ல வந்தது முழுதாகச் செய்தியாக வேண்டும், ஊர் திரும்பும் குடும்பத்துக்கு அதனால் புதுத் தொல்லை எதுவும் வரவும் கூடாது. இந்த இரண்டையும் சேர்த்துச் செய்வதுதான் வேலை.

பிரஸ் மீட்டா, அரங்கக் கூட்டமா?

இதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். இரண்டையும் ஒன்றாக்கினால் இரண்டும் கெடும். நிருபருக்கு அன்றைக்கே இன்னும் மூன்று நிகழ்ச்சி இருக்கும். அரை மணி நேரத்தில் பைட் (செய்தியில் போடும் சிறு பேச்சுத் துண்டு) கிடைக்காவிட்டால் கிளம்பிவிடுவார். அரங்கக் கூட்டத்துக்கு வருபவரோ விளக்கமாகக் கேட்கவும் கேள்வி கேட்கவும் வருகிறார்.

பிரஸ் மீட் என்றால் காலை 11 அல்லது 11.30. மேசையில் மூன்று பேர், மிஞ்சிப்போனால் நான்கு பேர். பத்து நிமிடம் பேச்சு, மீதி கேள்வி. 40 நிமிடத்தில் முடிய வேண்டும். அரங்கக் கூட்டம் மாலை 5.30க்குத் தொடங்கி 7.30க்குள் முடிவது நல்லது. இரண்டும் வேண்டுமென்றால் ஒரே நாளில் காலையும் மாலையுமாக இரண்டு நேரத்துக்குத் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள்.

நாளும் நேரமும்

மாலை நாளிதழ்கள் நண்பகலை ஒட்டியே பக்கத்தை முடித்துவிடும். காலை நாளிதழ்களின் மாவட்டப் பதிப்புகள் சென்னைப் பதிப்புக்கு முன்பே அச்சுக்குப் போகும். பிரச்சினை தூத்துக்குடியிலோ தர்மபுரியிலோ நடந்திருந்தால், மாலை 6 மணிக்குச் சென்னையில் பேசியது அந்த ஊர்ப் பதிப்பில் மறுநாள் வராமலே போகலாம். யாருக்காகப் பேசினீர்களோ அவர்களின் ஊரில் செய்தியே இருக்காது. காலைக் கூட்டம் எடுபடுவதற்கு இதுதான் காரணம்.

டிசம்பர் 10 மனித உரிமை நாள். 1948இல் ஐ.நா. பொதுச்சபை உலக மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்ற நாள் அது. அன்று எல்லா அமைப்புகளும் கூட்டம் போடும். அமைச்சர் உறுதிமொழி எடுப்பார், உங்கள் கூட்டம் ஒரு பத்தியில் முடிந்துவிடும். 9ஆம் தேதி காலையில் நடத்தினால் 10ஆம் தேதி நாளிதழில் அந்த நாளுக்குப் பொருத்தமான செய்தியாக வரும். இதே கணக்கு ஜூன் 26க்கும் (சித்திரவதையால் பாதிக்கப்பட்டோருக்கு ஆதரவு நாள்), ஆகஸ்ட் 30க்கும் (வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர் நாள்), மே 3க்கும் (பத்திரிகைச் சுதந்திர நாள்) பொருந்தும். டிசம்பர் என்றால் மழையையும் கணக்கில் வைக்க வேண்டும். சிவப்பு எச்சரிக்கை விடுத்த நாளில் நிருபர் அத்தனை பேரும் தண்ணீர் தேங்கிய தெருவில் நிற்பார்கள்.

சேப்பாக்கத்துக்கே உரிய தடை ஒன்று உண்டு: கிரிக்கெட். மைதானத்தில் ஆட்டம் இருந்தால் வாலாஜா சாலைப் பக்கம் போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள். மாலைக் கூட்டத்துக்கு வெளியூர்க்காரர்கள் வந்து சேரவே முடியாது. நாள் குறிக்கும் முன் ஆட்ட அட்டவணையை ஒருமுறை பாருங்கள். பட்ஜெட் நாள், தேர்தல் முடிவு நாள், பெரிய வழக்கில் தீர்ப்பு வரும் நாள் ஆகியவற்றை விட்டுவிடுங்கள். ஞாயிறு காலையைப் பலர் யோசிப்பதே இல்லை. அன்று அரசுச் செய்தி குறைவு, திங்கள் பதிப்பில் இடம் கிடைக்கும்.

அரங்குப் பதிவு

அமைப்பின் லெட்டர்பேடில் கடிதம் கொடுங்கள். தலைப்பு, பேசுபவர்கள், தொடங்கும் நேரம், முடியும் நேரம், எதிர்பார்க்கும் ஆள் எண்ணிக்கை, பொறுப்பாளரின் கைபேசி எண் எல்லாம் அதில் இருக்க வேண்டும். சிக்கலான தலைப்பாக இருக்கிறதே என்று "ஆலோசனைக் கூட்டம்" என்று மழுப்பலாக எழுதிக் கொடுக்காதீர்கள். கடைசி நேரத்தில் எதிர்ப்பு வந்தால், மறைத்துவிட்டீர்கள் என்று சொல்லியே பதிவை ரத்து செய்ய அது வழி விடும். பணத்தை அலுவலகத்திலேயே கட்டி ரசீது வாங்குங்கள். மைக் கட்டணத்தில் சேர்த்தியா, நாற்காலி எத்தனை, கரண்ட் போனால் ஜெனரேட்டர் உண்டா, பேனரை எப்படிக் கட்டுவது, உங்களுக்கு முந்தைய கூட்டம் எத்தனை மணிக்கு முடிகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். முந்தைய கூட்டம் இழுத்தால் நிருபர்கள் வாசலிலேயே அவர்களிடம் பைட் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

நான்கு சுவருக்குள் நடக்கும் கூட்டத்துக்குப் பொதுவாகக் காவல்துறை அனுமதி தேவையில்லை. ஆனால் வாசலில் முழக்கம் எழுப்பினாலோ, சாலையில் ஒலிபெருக்கி கட்டினாலோ அது வேறு கதை. ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலமான அனுமதி வேண்டும். வெளிநாட்டிலிருந்து ஒருவரைப் பேச அழைத்தால் அவர் சுற்றுலா விசாவில் வந்து மேடையேறக் கூடாது. மாநாட்டு விசாவுக்கு நாள் பிடிக்கும் என்பதால், அவசரக் கூட்டமென்றால் அவரைக் காணொளியில் பேச வையுங்கள்.

செய்திக்குறிப்பு

அழைப்பு மூன்று நாள் முன்பு ஒருமுறை, முந்தைய நாள் மாலை ஒருமுறை, அன்று காலை 8 மணிக்கு ஒருமுறை போக வேண்டும். அன்றன்றைய நிகழ்ச்சிப் பட்டியலைப் பார்த்துத்தான் அலுவலகத்தில் நிருபருக்கு வேலை பிரிப்பார்கள்.

செய்திக்குறிப்பு ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. "ஜனநாயகம் கேள்விக்குறியாகிவரும் இன்றைய சூழலில், மானுட மாண்பைக் காக்கும் நோக்கில்..." என்று தொடங்கும் குறிப்பிலிருந்து எந்த உதவி ஆசிரியராலும் தலைப்பு எடுக்க முடியாது. "விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டவர் மறுநாள் இறந்த வழக்கில், உடற்கூறாய்வு அறிக்கையைக் குடும்பத்துக்குத் தர வேண்டும், அந்த நிலையத்தின் சிசிடிவி பதிவைக் கைப்பற்ற வேண்டும் என உண்மை அறியும் குழு கோரியுள்ளது" என்று தொடங்கினால் தலைப்பு தானாக வந்துவிடும். கோரிக்கை மூன்றுக்கு மேல் வேண்டாம். பன்னிரண்டு கோரிக்கை வைத்தால் அவர்களே ஒன்றை எடுத்துப் போடுவார்கள். அது பெரும்பாலும் நீங்கள் நினைத்ததாக இருக்காது.

மின்னஞ்சலின் உடலிலேயே யூனிகோடில் போடுங்கள். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியதும் கையெழுத்துப் போட்டு ஸ்கேன் செய்ததும் மறுபடி தட்டச்சு செய்யும் வேலையைச் செய்தியைத் திருத்தும் டெஸ்க்குக்கு வைக்கும். நேரமில்லாத நாளில் தூக்கிப் போட்டுவிடுவார்கள். குற்றச்சாட்டுக்கு உள்ளாகும் அதிகாரிக்கோ நிறுவனத்துக்கோ இரண்டு நாள் முன்பே கேள்விகளை எழுத்தில் அனுப்பி, வந்த பதிலையோ பதில் வராததையோ குறிப்பில் சேருங்கள். "எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது?" என்பதுதான் ஆசிரியர் கேட்கும் முதல் கேள்வி. அவதூறு வழக்கு வந்தாலும் அந்தக் கடிதம் கைகொடுக்கும்.

காவல் மரணம் என்றால் நிருபர்கள் கையில் தனியாக ஒரு தாளைக் கொடுங்கள். 24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தகவல் போனதா? நீதித்துறை நடுவர் விசாரணை தொடங்கியதா (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். பிரிவு 196, முன்பு சி.ஆர்.பி.சி. 176(1ஏ))? உடற்கூறாய்வு வீடியோவில் பதிவானதா? இந்த மூன்றையும் ஒரு நிருபர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடம் கேட்டாலே மறுநாளைக்கு ஒரு தொடர்செய்தி கிடைக்கும்.

பாதிக்கப்பட்டவரை மேடையேற்றலாமா?

கூட்டங்கள் அதிகம் தவறுவது இங்கேதான். தாயோ மனைவியோ அழுதால் கேமரா திரும்பும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே ஏற்பாட்டாளர்கள் அவசரப்படுகிறார்கள். முதலில் வழக்கறிஞரிடம் ஒன்று கேளுங்கள்: நடுவர் முன் வாக்குமூலம் (பி.என்.எஸ்.எஸ். 183, முன்பு 164) பதிவாகிவிட்டதா? ஆகவில்லையென்றால் பேச வைக்காதீர்கள். மைக் முன்னால் படபடப்பில் 'இரவு 9 மணி' என்பார், நடுவரிடம் '10.30' என்பார். மூன்று ஆண்டு கழித்துக் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் யூடியூப் வீடியோவை எடுத்து வைத்துக்கொண்டு அந்த ஒன்றரை மணி நேரத்தைத்தான் கேட்பார்.

பாலியல் குற்றமென்றால் பேச்சுக்கே இடமில்லை. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். பிரிவு 72இன்படி இரண்டு ஆண்டுவரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். குழந்தையென்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் பிரிவு 23. இறந்துவிட்டாலும் இந்தத் தடை நீங்காது என்று நிபுண் சக்சேனா வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெற்றோர் சம்மதித்தார்கள் என்று காரணம் காட்டி மேடையில் பெயரைச் சொல்லவும் முடியாது. ஆனாலும் பெயரும் படமும் போட்டு "நீதி வேண்டும்" என்று பேனர் கட்டுவது இன்றும் நடக்கிறது. பேனர் அச்சுக்குப் போகும் முன் ஒரு வழக்கறிஞர் அதைப் பார்க்கட்டும். பெயரை மட்டும் எடுத்தால் போதாது. ஊர், பள்ளி, அப்பாவின் தொழில் மூன்றும் ஒரே பத்தியில் வந்தால் பக்கத்து ஊர்க்காரருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

முகத்தில் துணி போட்டு உட்கார வைப்பது பாதுகாப்பு ஆகாது. குரல், வளையல், புடவை, நடை எதையும் துணி மறைக்காது. அரங்கில் யாராவது ஒருவர் கைபேசியில் லைவ் போட்டுக்கொண்டிருப்பார், டெஸ்க்கில் மங்கலாக்கும் வேலைக்கெல்லாம் அங்கே இடமில்லை. அடையாளத்தைக் காக்க வேண்டியவர் அரங்குக்கே வர வேண்டாம். அவர் சொன்னதை வழக்கறிஞர் வாசிக்கட்டும். தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்த சாத்தான்குளம் வழக்கில் (2020) சாட்சி சொன்ன பெண் தலைமைக் காவலரின் பெயர் வெளியே வந்து, அவருக்கும் குடும்பத்துக்கும் பாதுகாப்புத் தர உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியதாயிற்று. காவலருக்கே அந்த நிலை என்றால் கூலித் தொழிலாளியின் மனைவிக்கு யார் பாதுகாப்பு வாங்கித் தருவார்கள்?

பேச விரும்பி, பேசவும் கூடியவர் என்றால் முந்தைய நாளே உட்கார்ந்து பேசுங்கள். எதைச் சொல்ல வேண்டாம், எந்தக் கேள்விக்கு "வக்கீலைக் கேளுங்கள்" என்பது, எப்போது எழுந்து போய்விடலாம் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மேசையில் ஓரத்தில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். சம்மதத்தை அன்று காலை மறுபடியும் கேளுங்கள். இரவில் ஊரிலிருந்து போன் வந்திருக்கலாம்.

ஆவணமும் வருகைப் பதிவேடும்

முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டுக்கட்டாகக் கொடுப்பது வழக்கம். அதில் புகார்தாரரின் பெயர், தந்தை பெயர், முகவரி, கைபேசி எண்ணெல்லாம் இருக்கும். கறுப்பு மார்க்கரால் அடித்த தாளை வெளிச்சத்தில் பிடித்தால் எழுத்து தெரியும். அடித்துவிட்டு ஜெராக்ஸ் எடுத்து அந்த ஜெராக்ஸைக் கொடுங்கள். பிடிஎஃப்பில் கறுப்புக் கட்டம் வரைவது அதைவிட மோசம். கட்டத்துக்குக் கீழே எழுத்து அப்படியே இருக்கும், தேர்ந்தெடுத்து நகலெடுத்தால் வந்துவிடும். மறைத்த தாளை அச்செடுத்து, அதை ஸ்கேன் செய்து அனுப்புங்கள்.

வருகைப் பதிவேட்டை ஊடகத்துக்கு ஒன்று, பார்வையாளருக்கு ஒன்று என்று பிரித்து வையுங்கள். மனித உரிமைக் கூட்டங்களுக்கு உளவுப் பிரிவினர் சாதாரண உடையில் வருவது சகஜம். பொதுக்கூட்டம் என்பதால் அவர்களோடு மல்லுக்கு நிற்பதில் பயனில்லை. ஆனால் ஊரிலிருந்து வந்த குடும்பங்களின் பெயரும் கைபேசி எண்ணும் எழுதிய நோட்டு மேசைமேல் திறந்து கிடந்தால் ஒரு படம் போதும். அவர்களைப் பதிவேட்டில் எழுதச் சொல்லவே வேண்டாம்.

அரங்கில்

ஒரு மணி நேரம் முன்பே போய் மைக்கைச் சோதியுங்கள். கார்ட்லெஸ் மைக்குக்குப் புது பேட்டரி போடுங்கள், வயர் மைக் ஒன்று மாற்றாக இருக்கட்டும். சேனல் மைக்குகள் மேசையில் குவியும்போது பேசுபவரின் வாயை மறைக்கும் என்பதால் தண்ணீர் பாட்டில், மாலை, பெயர்ப்பலகை எல்லாவற்றையும் ஓரம் கட்டுங்கள். பின்னால் கட்டும் பேனர் பளபளப்பில்லாததாக இருக்கட்டும், விளக்கு பட்டால் எழுத்தே தெரியாது. உட்கார்ந்திருப்பவரின் தலைக்கு மேலே அமைப்பின் பெயரும் பொருளும் வர வேண்டும். கீழ்ப்பாதியில் போட்டது படத்தில் விழாது.

மாலைக் கூட்டத்தில் மூன்று பேச்சாளர், ஆளுக்கு 12 நிமிடம், கேள்விக்கு 40 நிமிடம். பொன்னாடைக்கு ஆளுக்கு இரண்டு நிமிடம், "மேடையில் வீற்றிருக்கும்" என்று தொடங்கும் விளிப்புகளுக்கு ஆளுக்கு மூன்று நிமிடம். கூட்டிப் பாருங்கள், கேள்வி நேரத்தில் கால் மணி நேரம் அதிலேயே போய்விடும். பொன்னாடையை விட்டுவிடலாம், யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. 80 பேருக்கு 100 மில்லி வீதம் டீ 8 லிட்டர், ஒரு லிட்டர் கூடுதலாகச் சொல்லுங்கள். டீயைப் பேச்சு முடிந்து, கேள்விக்கு முன் கொடுத்தால் ஆள் கலையாது.

நிருபருக்குப் பணக் கவர் கொடுக்காதீர்கள். கவர் வாங்காத நிருபரைத்தான் இந்தச் செய்திக்கு நீங்கள் தேடுகிறீர்கள்.

முடிந்த பிறகு

காலை பிரஸ் மீட் என்றால் பிற்பகல் 1.30க்குள் பேசியதன் சுருக்கமும், பெயர் எழுதிய இரண்டு படங்களும் டெஸ்க்குகளுக்குப் போய்ச் சேர வேண்டும். படத்தில் பின்வரிசையில் யார் முகம் தெரிகிறது என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். மறுநாள் செய்தியில் பிழை இருந்தால் ஆசிரியருக்கு இரண்டு வரியில் எழுதுங்கள். முகநூலில் நிருபரைத் திட்டினால் அடுத்த கூட்டத்துக்கு ஆள் வராது.

கூட்டத்தில் நிறைவேற்றிய தீர்மானத்தை மனித உரிமை ஆணையத்துக்கு அனுப்பிவிட்டால் அதுவே புகார் ஆகிவிடும் என்று நினைக்க வேண்டாம். 1993ஆம் ஆண்டு மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 36இன்படி சம்பவம் நடந்து ஓராண்டு கடந்துவிட்டால் ஆணையம் விசாரிக்க முடியாது. மாநில ஆணையத்தில் நிலுவையில் இருப்பதைத் தேசிய ஆணையம் எடுப்பதும் இல்லை. எனவே இரண்டுக்கும் ஒரே மனுவை அனுப்பாமல், எதில் போடுவது என்று முதலில் முடிவு செய்து, சம்பவத் தேதி, இடம், பொறுப்பான அலுவலர், கேட்கும் நிவாரணம் ஆகியவற்றைத் தனி மனுவாக எழுதி, கூட்டம் நடந்த வாரத்திலேயே ஒப்புகையோடு கொடுத்துவிடுங்கள்.