நீக்க வினையா? செயிட்செஃப் விதியைக் கடைசியில் எடுங்கள்

ஒரு மூலக்கூறிலிருந்து ஹைட்ரஜனும், புரோமின் போன்ற ஒரு விடுபடும் தொகுதியும் போய் இரட்டைப் பிணைப்புள்ள ஆல்கீன் உருவாவதுதான் நீக்க வினை. அந்தக் கேள்வியைப் பார்த்ததும் பலருக்குக் கை தானாகவே செயிட்செஃப் விதிக்குப் போய்விடுகிறது. அந்த விதி சொல்வதுபோல் அதிகப் பதிலிகள் (இரட்டைப் பிணைப்புக் கார்பன்களில் ஒட்டியுள்ள கார்பன் தொகுதிகள்) உள்ள ஆல்கீனை வரைந்து, அதுதான் முதன்மை விளைபொருள் என்று எழுதிவிடுவார்கள். பல நேரம் விடை சரியாகவும் வந்துவிடும், அதனால்தான் இந்தப் பழக்கம் போவதே இல்லை.

முதலில் காரத்தைப் பாருங்கள். 2-புரோமோ-2-மெத்தில்பியூட்டேனுடன் சோடியம் எத்தாக்சைடு சேர்த்தால் 2-மெத்தில்பியூட்-2-ஈன் சுமார் 70% கிடைக்கும். அதிலேயே பொட்டாசியம் மூவிணைய பியூட்டாக்சைடைப் போட்டால் கணக்கு தலைகீழாகி 2-மெத்தில்பியூட்-1-ஈன்தான் அதிகம் வரும். பருமனான காரத்தால் உள்ளே இருக்கும் ஹைட்ரஜனை எளிதில் எட்ட முடியாது, ஓரத்தில் இருப்பதைப் பிடுங்குகிறது, அவ்வளவுதான். விடுபடும் தொகுதி ஃபுளூரைடாகவோ ட்ரைமெத்தில் அமீனாகவோ இருந்தால் காரம் சிறியதாக இருந்தாலும் பெரும்பாலும் ஹாஃப்மன் விளைபொருள் (குறைந்த பதிலிகள் உள்ள ஆல்கீன்) பக்கமே சாயும்.

மதிப்பெண் அதிகம் போவது வளையங்களில்தான். ஹைட்ரஜனும் விடுபடும் தொகுதியும் ஒரே படியில் போகும் ஈ2 வினைக்கு, ஹைட்ரஜனும் விடுபடும் தொகுதியும் எதிரெதிராக நிற்க வேண்டும், சைக்ளோஹெக்சேனில் அப்படி நிற்க இரண்டும் அச்சு நிலையில் (வளையத்துக்குச் செங்குத்தாக மேலோ கீழோ) இருந்தாக வேண்டும். மென்தைல் குளோரைடை எடுத்துக்கொள்ளுங்கள்: குளோரின் அச்சு நிலைக்கு வரும்படி வளையத்தைப் புரட்டினால், ஐசோபுரொப்பைல் உள்ள கார்பனின் ஹைட்ரஜன் பக்கவாட்டுக்குப் போய்விடுகிறது, எனவே விதி காட்டும் 3-மென்தீன் வர வழியே இல்லை, 2-மென்தீன் மட்டுமே வரும். குளோரின் மட்டும் மறுபக்கம் பார்க்கும் நியோமென்தைல் குளோரைடில் 3-மென்தீன்தான் முதன்மை. தாளில் தட்டையாக அறுகோணம் போட்டு யோசித்தால் இந்த வித்தியாசம் கண்ணிலேயே படாது, வளையம் மடிந்து நிற்கும் நாற்காலி வடிவத்தை வரைய அலுத்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம், ஆல்கஹாலை அமிலத்தோடு சூடாக்கும் ஈ1 வினைகளில் (விடுபடும் தொகுதி முதலில் போய், ஹைட்ரஜன் பிறகு போகும் இரு படி வினை) கார்பன் எலும்புக்கூடு அப்படியே இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். 3,3-டைமெத்தில்பியூட்டன்-2-ஆலில் நீர் போனதும் ஒரு மெத்தில் பக்கத்துக் கார்பனுக்குத் தாவி மூவிணைய நேர்மின் அயனியைத் தருகிறது. முதன்மை விளைபொருள் 2,3-டைமெத்தில்பியூட்-2-ஈன். தாவலை மறந்தவர்கள் 3,3-டைமெத்தில்பியூட்-1-ஈன் என்று எழுதிவைப்பார்கள்.

இன்னொன்று, கேள்வியில் கரைப்பானும் வெப்பநிலையும் கொடுத்திருந்தால் அதை அலங்காரம் என்று தாண்டிப் போகாதீர்கள். 1-புரோமோபியூட்டேனும் எத்தாக்சைடும் சேர்ந்தால் பெரும்பாலும் பதிலீடு நடந்து ஈதர்தான் கிடைக்கும், அங்கே எந்த ஆல்கீன் முதன்மை என்று மண்டையை உடைப்பது வீண்.