ரேச்சல் கார்சனை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

அமெரிக்கக் கடல் உயிரியலாளரும் எழுத்தாளருமான ரேச்சல் கார்சன் என்றதும் எல்லோரும் ‘சைலன்ட் ஸ்பிரிங்’ நூலைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். நான் அதை முதலில் தருவதில்லை. பூச்சிக்கொல்லியை எதிர்த்தவர் என்று மட்டும் அறிந்தால் பாதி கார்சன்தான் கிடைப்பார். கடலிலிருந்து தொடங்குங்கள்.

1941இல் வந்த ‘அண்டர் த சீ விண்ட்’ முதலில். கரையோரப் பறவைகள், கானாங்கெளுத்தி, விலாங்கு என்று மூன்று பகுதிகள். அரசின் மீன்வளத் துறையில் வேலை பார்த்துக்கொண்டே இரவுகளில் எழுதியது. வெளிவந்த சில வாரங்களில் அமெரிக்கா போருக்குள் போய்விட்டதால் விற்கவில்லை. ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம் போதும். அடுத்து ‘த சீ அரவுண்ட் அஸ்’ (1951). அதன் வருமானம்தான் வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் எழுத அவருக்கு வழிசெய்தது.

பிறகு, 1962இல் வந்த ‘சைலன்ட் ஸ்பிரிங்’. முதல் அத்தியாயம் ஒரு கற்பனை ஊரின் கதை. அதைத் தள்ளிவைத்து எட்டாம் அத்தியாயத்துக்குப் போங்கள். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக வளாகத்தில் எல்ம் மரங்களின் நோயைப் பரப்பும் வண்டுகளைக் கொல்ல டிடிடி என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்தார்கள். மருந்து படிந்த இலைகள் உதிர்ந்தன. மண்புழுக்கள் அவற்றைத் தின்றன. புழுக்களை ராபின் பறவைகள் தின்றன. பெரிய புழுக்கள் 11 இருந்தால் ஒரு ராபினைக் கொல்லும் அளவு நஞ்சு சேர்ந்துவிடும். அத்தனை புழுக்களை அந்தப் பறவை சில நிமிடங்களில் தின்றுவிடும். இந்தச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாக அவர் கோக்கும் விதத்தை நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். பறவையை நேசிக்காத ஒருவரால் இப்படி எழுத முடியாது. வேதியியலைக் கற்காத ஒருவராலும் முடியாது.

இதை எழுதும்போதே மார்பகப் புற்றுநோய் அவரை வாட்டிக்கொண்டிருந்தது. நோயை வெளியே சொல்லவில்லை. 1963 ஜூனில் அமெரிக்க செனட் குழுவின் முன் பூச்சிக்கொல்லிகள் பற்றிச் சாட்சியம் அளித்தார். 1964 ஏப்ரல் 14 அன்று, 56 வயதில் இறந்தார். அமெரிக்காவில் டிடிடியின் பெரும்பாலான பயன்பாடுகள் 1972இல்தான் தடைசெய்யப்பட்டன.

எல்லாப் பூச்சிக்கொல்லியையும் ஒழிக்கச் சொன்னார் என்று யாராவது வாதிட்டால், இரண்டாம் அத்தியாயத்தைக் காட்டுங்கள். ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது என்பது தன் வாதமல்ல என்று அங்கே தெளிவாகவே எழுதியிருக்கிறார். நூலின் பின்னால் ஐம்பது பக்கங்களுக்கு மேல் சான்றுகள் இருக்கின்றன. எட்டாம் அத்தியாயத்துக்கு உரியவற்றையாவது புரட்டிப் பாருங்கள்.