மாடி ஏற முடியாதவர்களும் காட்சிக்கூடத்தைப் பார்க்க

தக்கலை பக்கத்தில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனவர்களுக்குத் தெரியும், அந்த மரப்படிகள் எவ்வளவு குறுகல், எவ்வளவு செங்குத்து என்று. கேரளத் தொல்லியல் துறை பராமரிக்கும் பழைய கட்டடம் அது. இடித்து லிஃப்ட் வைக்க முடியாது. குமரி மாவட்டத்தில் பழைய வீடுகளில் சின்னக் காட்சிக்கூடம் நடத்துகிறவர்களுக்கும் இதே சிக்கல்தான்.

மாடியில் உள்ள ஒவ்வொரு அறையையும் மெதுவாக வீடியோ எடுத்து, கீழேயே ஒரு டிவியில் ஓட விடுங்கள். விளக்கம் எழுத்தாகவும் ஓடட்டும், காது கேளாதவர்களுக்கு அது வேண்டும். தமிழ், மலையாளம் இரண்டும் இருந்தால் நல்லது. கேரள எல்லைப் பக்கம் வருகிறவர்களில் பலருக்கு இரண்டில் ஒன்றுதான் வாசிக்க வரும்.

வாசல்படிக்குச் சரிவுப் பலகை போடும்போது அவசரப்படாதீர்கள். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. அரை அடிப் படிக்கே ஆறு அடிப் பலகை தேவை. குட்டையாகப் போட்டால் சக்கர நாற்காலி பின்னால் சாயும், தள்ளுகிறவருக்கும் ஆபத்து.

அப்புறம், பார்வையற்றவர்கள் தொட்டுப் பார்க்க நான்கைந்து பொருள்களை வெளியே வையுங்கள். நாழி, உரல், பழைய பூட்டு போன்றவை கைபட்டால் எளிதில் கெடாது. எனக்கு இதுதான் மிக முக்கியமாகப் படுகிறது. கண்ணாடிக்குள் பூட்டி வைத்த பொருளைப் பற்றி வாயால் எவ்வளவு சொன்னாலும் அவர்களுக்குப் போதாது.

படி இல்லாமல் போகக்கூடிய அறைகள் எவை என்று டிக்கெட் கொடுக்கும் இடத்திலேயே பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.