எந்த வணிக வளாகத்தில் கடை போடலாம்? கணக்குப் போட்டுப் பார்ப்பது எப்படி

முதலில் எதை வைத்து அளக்கப் போகிறீர்கள் என்று எழுதுங்கள்: வாடகை, வந்துபோகும் கூட்டம், பார்க்கிங், பக்கத்துக் கடைகள், சூழல். ஆறேழு போதும், அதற்கு மேல் போனால் ஒரே விஷயத்தை இரண்டு பெயரில் எண்ணிவிடுவோம். ஒவ்வொன்றுக்கும் எடை கொடுங்கள், கூட்டினால் 1 வரவேண்டும்.

சரி, சிக்கல் இனிதான். வாடகை எண்ணாகவே கிடைக்கும், ஆனால் 'சூழல் நன்றாக இருக்கிறது' என்பதற்குப் பத்துக்கு 7 போடுவதா 8 போடுவதா? கணிதவியலாளர் லாட்ஃபி ஸாதே 1965-ல் முன்வைத்த ஃபஸி கணம் (fuzzy set, எல்லை திட்டவட்டமாக இல்லாத தொகுப்பு) இங்கேதான் கைகொடுக்கிறது: ஒற்றை எண்ணுக்குப் பதில் (5, 7, 9) என்று குறைந்தபட்சம், நடு, அதிகபட்சம் மூன்றையும் எழுதுங்கள். பலர் மதிப்பிட்டால் குறைந்ததிலேயே குறைந்தது, நடுவின் சராசரி, அதிகத்திலேயே அதிகம் என்று எடுத்தால் கருத்து வேறுபாடு மறைந்துபோகாது, எனக்குப் பிடித்த வழி இதுதான்.

அப்புறம் எல்லாவற்றையும் 0 முதல் 1 வரையான அளவுக்குக் கொண்டுவந்து (வாடகை குறைந்தால் நல்லது, அதைத் திருப்பிப் போட மறக்காதீர்கள்) எடையால் பெருக்கி, டாப்சிஸ் (TOPSIS, சிறந்த நிலைக்கு எவ்வளவு அருகில் என்று பார்த்து வரிசைப்படுத்துவது) முறைப்படி ஒவ்வொரு வளாகமும் மிகச் சிறந்த நிலையிலிருந்தும் (எல்லாவற்றிலும் சிறந்த மதிப்பு பெற்ற கற்பனை வளாகம்) மிக மோசமான நிலையிலிருந்தும் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பாருங்கள். சிறந்ததிலிருந்து 0.2, மோசமானதிலிருந்து 0.6 என்றால் மதிப்பெண் 0.6 / (0.2 + 0.6), அதாவது 0.75. 1-ஐ நெருங்க நெருங்க நல்லது.

கடைசியாக எடைகளைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். முதலிடம் உடனே மாறினால் இன்னும் முடிவெடுக்காதீர்கள், வார நாளிலும் விடுமுறையிலும் நேரில் போய்க் கூட்டத்தை எண்ணிவிட்டு மறுபடி கணக்கிடுங்கள்.