பட்டியலிடப்பட்ட நவீனத்துவப் பல்கலைக்கழகக் கட்டடத்தைப் புதுப்பிப்பது எப்படி?

இங்கிலாந்தில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் எழுந்த பல்கலைக்கழகக் கட்டடங்கள் பல, இன்று மரபுக் கட்டடப் பட்டியலில் உள்ளன. அவற்றின் தனித்தன்மையைப் பாதிக்கும் எந்த மாற்றத்தையும், உட்புற வேலையே ஆனாலும், முன் ஒப்புதல் பெறாமல் செய்வது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். எனவே வரைபடம் முடிந்த பிறகு அனுமதி கேட்கலாம் என்று இருந்துவிடாமல், உள்ளாட்சியின் மரபுக் கட்டட அலுவலரைத் தொடக்கத்திலேயே அழைத்துக் கட்டடத்தைச் சுற்றிக் காட்டிவிட வேண்டும்.

அடுத்து, எதைக் காக்கப் போகிறோம் என்பதை எழுத்தில் வைக்க வேண்டும். ஜேம்ஸ் ஸ்டர்லிங்கும் ஜேம்ஸ் கோவனும் வடிவமைத்து 1963இல் முடிந்த லெஸ்டர் பல்கலைக்கழகப் பொறியியல் கட்டடத்தில், பணிமனைக்கு வடக்கு வெளிச்சம் கிடைப்பதற்காகக் கண்ணாடிக் கூரை 45 பாகை திருப்பி அமைக்கப்பட்டிருக்கிறது. அங்கே பழைய கண்ணாடிகளை முழுவதும் மாற்ற நேர்ந்தபோதும் அந்தக் கோணமும் படிக வடிவமும் அப்படியே காக்கப்பட்டன. சில இடங்களில் பொருளைவிட வடிவமே முக்கியம். வேறு சில இடங்களில், குறிப்பாகப் பூச்சில்லாமல் வெறுமையாக விடப்பட்ட கான்கிரீட்டில், பொருளின் மேற்பரப்பே கட்டடத்தின் முகம்.

அந்தக் கான்கிரீட்டுக்குத்தான் மிகுந்த பொறுமை தேவைப்படுகிறது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு மெல்ல உள்ளே இறங்கிக் காரத்தன்மையைக் குறைப்பதால், கான்கிரீட்டுக்குள் இருக்கும் எஃகுக் கம்பி பாதுகாப்பை இழந்து துருப்பிடித்து, பருத்து, மேலுள்ள கான்கிரீட்டைப் பெயர்த்துவிடுகிறது. புதிதாக உடைத்த பரப்பில் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால் காரம் எஞ்சியுள்ள பகுதி இளஞ்சிவப்பாக மாறும். நிறம் மாறாத பகுதியின் ஆழம் கம்பியை எட்டிவிட்டதா என்று அளந்து பார்த்து, பழுதான இடத்தை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும். ஒட்டுப் போடும் கலவைக்குப் பழைய மணல், சல்லி ஆகியவற்றின் நிறமும் பருமனும் பொருந்த வேண்டும். அச்சுப் பலகையின் மரவரித் தடம் இருந்தால் அதே அகலப் பலகையைக் கொண்டே அச்செடுக்க வேண்டும். கண்ணில் அதிகம் படாத மூலையில் மாதிரி ஒட்டுகள் சில போட்டு, மழையும் வெயிலும் படவிட்டு, உலர்ந்த நிலையிலும் நனைந்த நிலையிலும் பார்த்த பின்பே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஈரத்தில் ஒத்துப்போகும் நிறம் காய்ந்ததும் திட்டாகத் தெரிவதுண்டு. முழுச் சுவருக்கும் வண்ணம் பூசி வேறுபாட்டை மறைப்பதை நான் ஏற்கமாட்டேன். அது பலகைத் தடங்களையும் சேர்த்தே மூடிவிடும்.

மெல்லிய எஃகு ஜன்னல்களைத் தடித்த அலுமினியச் சட்டங்களால் மாற்றினால் முகப்பின் கோடுகளே மாறிவிடும். முதலில் துருவை நீக்கி இடைவெளிகளை அடைத்து, பழைய சட்டம் தாங்குமானால் மெல்லிய இரட்டைக் கண்ணாடியைப் பொருத்தலாம். அவ்வாறு அடைத்த அறைகளுக்குக் காற்றோட்டம் தனியே தர வேண்டும். இல்லாவிட்டால் குளிர்காலத்தில் சட்டத்தின் உட்புறத்தில் நீர் கோர்த்துத் துரு மீண்டும் தொடங்கும்.

புதிய மின்கம்பிகளையும் குழாய்களையும் பழைய செங்குத்துக் குழாய்ப்பாதைகள் வழியாகவே கொண்டு செல்லுங்கள். துளையிடுவதற்கு முன் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) உள்ளதா என்ற ஆய்வு கட்டாயம்.