கோழிக்கால் எலும்பை வளைத்துப் பார்ப்போம்

"எலும்பு கல் மாதிரிதானே இருக்கு, அதை ஏன் திசுன்னு சொல்றாங்க?" என்று பக்கத்து வீட்டு ஒன்பதாம் வகுப்புப் பையன் கேட்டான். கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் இரண்டு வாரம் செய்து பார்த்த பிறகே அவனுக்குக் காட்ட ஒரு வழி கிடைத்தது.

படி 1: பிராய்லர் கோழிக்கால் எலும்பு இரண்டு எடுத்து, சதையைச் சுத்தமாக வழித்துவிடுங்கள். வேக வைக்கவே வேண்டாம். நான் முதல் தடவை, குக்கரில் ஆறு விசில் விட்ட சூப் எலும்பைத்தான் வினிகரில் போட்டேன். நாலாம் நாள் தொட்டால் உதிர்ந்துவிட்டது.

ஏன் என்று தேடியபோதுதான் விஷயமே பிடிபட்டது. எலும்பில் கொலாஜன் என்ற புரத நார் ஒரு பக்கம், அதில் படிந்த கால்சியம் பாஸ்பேட் தாது இன்னொரு பக்கம். சேற்றில் வைக்கோலைப் போட்டு மிதித்துக் குதிர் செய்வார்களே, அதே கூட்டுதான். சேறு பாரம் தாங்கும், வைக்கோல் விரிசல் விடாமல் பிடித்துக்கொள்ளும். கொதிக்கக் கொதிக்கக் கொலாஜன் ஜெலட்டினாகக் கரைந்து சூப்புக்குப் போய்விடுகிறது. ஆறிய ஆட்டுக்கால் சூப் கட்டியாக உறைவது அதனால்தான்.

படி 2: ஒரு எலும்பை வெள்ளை வினிகரில் மூழ்கப் போடுங்கள். கண்ணாடி ஜாடிதான் நல்லது, குமிழி வருவது தெரியும். மூடியை இறுக்காதீர்கள். இரண்டு நாளைக்கு ஒரு முறை வினிகரை மாற்றுங்கள். ஒரு வாரத்தில் தாது கரைந்து, வடிவம் மாறாமல் ரப்பர் போல வளையும்.

படி 3: மற்றதை இரண்டாக உடைத்து, வெளியே கரி அடுப்பில் பெரியவர்கள் சுடுங்கள். முதலில் கறுக்கும். அப்போதே எடுத்துவிடாதீர்கள், கருகிய நார் இன்னும் உள்ளே இருக்கிறது. வெளுக்கும் வரை விடுங்கள். ஆறியதும் லேசாக அழுத்தினாலே நொறுங்கும்.

அப்புறம் கறிக்கடையில் ஒரு நல்லி எலும்பை நீளவாக்கில் அறுத்து வாங்குங்கள். சுற்றிலும் கெட்டி எலும்பு, முனையில் பஞ்சு போன்ற எலும்பு, நடுவில் மஜ்ஜை. முனையில் சிவப்பாகத் தெரிவது ரத்த அணுக்கள் உருவாகும் இடம். கெட்டிப் பகுதிக்குள் ரத்தக்குழாய் ஓடும் ஹாவர்சியன் குழல்கள் உண்டு. அவற்றைப் பார்க்க நுண்ணோக்கி வேண்டும். ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரிவதுபோல், அவற்றைச் சுற்றியுள்ள உயிருள்ள எலும்புச் செல்களுக்கு மிக நுண்ணிய கால்வாய்கள் வழியாகச் சத்து போகிறது. பையன் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்: சேர்ந்து வேலை செய்யும் செல்களின் கூட்டம்தான் திசு, கல்லில் இல்லாத அந்தச் செல்கள் எலும்பில் உண்டு.

பிற்சேர்க்கை: வளைந்த எலும்பு மறுநாள் விறைத்துவிட்டதாக இருவர் எழுதியிருந்தார்கள். காய்ந்தால் அப்படித்தான் ஆகும். ஈரமாக இருக்கும்போதே காட்டிவிடுங்கள். நாட்டுக்கோழி எலும்பு வளையவில்லை என்றும் ஒருவர் சொன்னார். பிராய்லர் ஆறேழு வாரக் குஞ்சு, நாட்டுக்கோழிக்கு வயது கூட. இன்னும் சில நாள் ஊறட்டும். முட்டையிடும் பெட்டை, ஓடு செய்யத் தன் எலும்பிலிருந்தே கால்சியம் எடுக்கும். கொல்லையில் கோழி வளர்ப்பவர்கள் தீவனத்தோடு கிளிஞ்சல் தூளும் வையுங்கள்.