புழுக்கமான ஊரில் ஏசி ஓட்டுகிறீர்களா? முதலில் ட்ரெயின் பைப்பைப் பாருங்கள்

வெயில் மட்டும் சுட்டெரிக்கிற ஊரில் ஏசி ஓட்டுவது ஒரு மாதிரி, வெயிலோடு புழுக்கமும் சேர்ந்து உடம்பெல்லாம் கசகசக்கிற ஊரில் ஓட்டுவது வேறு மாதிரி. இரண்டாவது வகை ஊரில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். "24-ல் வையுங்கள், ஃபில்டரைக் கழுவுங்கள்" என்ற வழக்கமான அறிவுரை சரிதான், ஆனால் நமக்கு அது பாதிதான் உதவும்.

ஒரு ராத்திரி என் வீட்டு ஏசியின் தண்ணீர் வெளியே வடிகிற ட்ரெயின் பைப் நுனியில் வாளி வைத்துப் பார்த்தேன். ஒன்றரை டன் ஏசி, ஒரே மணி நேரம், ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர். அத்தனையும் அறைக் காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருந்த ஈரம். ஒரு லிட்டர் ஈரத்தைத் தண்ணீராக்க ஏசி ஏறக்குறைய 0.68 கிலோவாட் மணி வெப்பத்தை வெளியே தள்ள வேண்டும். அதற்கு இழுக்கிற கரண்ட் அதில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான், ஆனாலும் அவ்வளவு வேலை செய்தும் அறையின் வெப்பநிலை அதனால் ஒரு டிகிரிகூட இறங்காது. சொல்லப்போனால் ஏசி பிறந்ததே ஈரத்தை அடக்கத்தான். 1902-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் காகிதம் ஈரத்தை உறிஞ்சி உப்பிப்போய், ஒரு வண்ணத்தின் மேல் அடுத்த வண்ணம் பொருந்தாமல் விலகியது. அதைச் சரிசெய்ய வில்லிஸ் கேரியர் என்ற 25 வயது இன்ஜினியர் வடிவமைத்த அமைப்பிலிருந்துதான் இன்றைய ஏசி வந்தது.

ஆகவே நம் வேலை இரண்டு. புது ஈரம் அறைக்குள் நுழையாமல் தடுக்க வேண்டும், உள்ளே இருக்கிற ஈரம் ஏசிக்குள் இருக்கிற குளிர்ந்த குழாய்ச் சுருளான காயிலில் படிந்து தண்ணீராகி வெளியே போகிற பாதையைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும்.

முதலில் நுழைகிற ஈரம். வெளியே 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்று ஒரு கன மீட்டர் உள்ளே வந்தால், 25 டிகிரியும் 55 சதவீதமுமாக நீங்கள் வைத்திருக்கிற அறைக்காற்றைவிடச் சுமார் 12 கிராம் தண்ணீரைக் கூடுதலாகச் சுமந்து வருகிறது. 12-க்கு 10 அடி அறை, உயரம் 10 அடி என்றால் அறைக்காற்று ஒருமுறை முழுதாக மாறினாலே ஏறக்குறைய 400 மில்லி தண்ணீர் உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம். கதவின் அடியில் விரல் நுழைகிற சந்து இருந்தால் இது ராத்திரி முழுக்க நடந்துகொண்டே இருக்கும். கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை, ஜன்னல் ஓரத்தில் ஒட்டுகிற ஃபோம் பட்டை, சுவரில் ஏசி பைப் வெளியே போகிற ஓட்டையைச் சுற்றி அடைப்பு, இந்த மூன்றையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். அந்தப் பைப் ஓட்டையைப் பெரும்பாலானவர்கள் கவனிப்பதே இல்லை. இன்டோர் யூனிட்டின் பின்னால் மறைந்திருப்பதால் தெரியாது. வெளிப்பக்கம் போய்ப் பார்த்தால் சிமென்ட் உதிர்ந்து வாயைத் திறந்துகொண்டிருக்கும். அறையை ஒட்டிய பாத்ரூமில் எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால், குளித்து முடித்ததும் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்திவிடுங்கள். அது ராத்திரி முழுக்க ஓடினால் நீங்கள் குளிரவைத்த காற்றை இழுத்து வெளியே தள்ளும், அந்த இடத்தை நிரப்ப ஏதாவதொரு சந்து வழியாகப் புழுக்கக்காற்று உள்ளே வரும்.

துவைத்த துணியை ஏசி அறையில் காயப்போடாதீர்கள். மிஷினில் பிழிந்தெடுத்த ஒரு முறைத் துணியிலேயே இரண்டு லிட்டர் வரை தண்ணீர் இருக்கும், அது முழுவதும் காயில் வழியாகத்தான் வெளியே போயாக வேண்டும். அப்புறம் விடியற்காலையில் "வெளிக்காற்று குளுகுளுவென்று இருக்கிறதே" என்று ஜன்னலைத் திறந்து வைக்கிற பழக்கம். உலர்ந்த ஊரில் நல்ல யோசனை. நம் ஊரில் அந்தக் காற்றின் ஈரத்தை மெத்தை, திரைச்சீலை, மர அலமாரி எல்லாம் குடித்துவைத்துக்கொள்ளும், அன்று மாலை ஏசி போட்டால் முதல் ஒரு மணி நேரம் அதைப் பிழிவதிலேயே போய்விடும்.

இனி மிஷினுக்கு வருவோம். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள். தூசி படிந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தண்ணீர் விட்டால் தூசி வந்த வழியே போய்விடும், படிந்த பக்கத்திலேயே பீய்ச்சினால் வலைக்குள் இன்னும் அழுந்திக்கொள்ளும். நிழலில் நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் பூஞ்சை பிடிக்கும்.

ஃபில்டரோடு வேலை முடிந்துவிட்டது என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வருஷம் ஏசியிலிருந்து காற்றே சரியாக வரவில்லை, வந்த காற்றிலும் நனைந்த கோணிச் சாக்கு வாடை. வந்த மெக்கானிக் இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு "கேஸ் குறைஞ்சிருக்கு, ஏத்திடலாம்" என்றார். ஏற்றிவிட்டும் போனார். வாடையும் போகவில்லை, காற்றும் கூடவில்லை. ஒருநாள் ஏசிக்கு வருகிற கரண்டை நிறுத்தும் சுவிட்சான எம்சிபியை அணைத்துவிட்டு, காற்று வெளியே வரும் வாயில் டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே நீளமாக உருளை மாதிரி ப்ளோயர் இருக்கும், அதன் ஒவ்வொரு இதழின் ஓரத்திலும் கறுப்பாகப் பசை போல அழுக்கு ஒட்டி, இதழுக்கும் இதழுக்கும் இடையிலிருந்த பள்ளமே நிரம்பிப்போயிருந்தது. பல் துலக்கும் பிரஷை விட்டு ஒரு இதழைச் சுரண்டினேன், ஈரமான கரி போல உருண்டு வந்தது. ஃபில்டரைத் தாண்டிப் போகிற நுண்ணிய தூசி காயிலின் ஈரத்தோடு சேர்ந்தால் இப்படித்தான் ஆகும், உலர்ந்த ஊர்களில் இந்த அளவுக்குப் படியாது. அதனால்தான் சொல்கிறேன், சர்வீஸுக்கு வருபவரிடம் "ப்ளோயரையும் காயிலையும் முழுசாகக் கழுவுங்கள், தண்ணீர் விழுகிற ட்ரெயின் தட்டையும் கழற்றுங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காவிட்டால் பல நேரம் முன்பக்கத்தில் தண்ணீர் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். வருஷம் முழுக்க ஓடுகிற ஏசிக்கு வருஷத்துக்கு இரண்டு முறையாவது இது வேண்டும்.

அந்த கேஸ் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கேஸ் என்பது வண்டிக்குப் பெட்ரோல் போல எரிந்து தீர்கிற பொருள் கிடையாது. அறையின் வெப்பத்தை வெளியே சுமந்துபோக மூடிய குழாய்க்குள் சுற்றிச்சுற்றி வருவது, அது குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைக் கண்டுபிடித்து அடைத்து, வேக்குவம் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்துவிட்டு, யூனிட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் போட்டிருக்கிற கிராம் கணக்கில் எடைபார்த்து ஏற்ற வேண்டும். ஏசிகளில் இருக்கிற கேஸ் வகைகளில் ஆர்-410ஏ இரண்டு வாயுக்களின் கலவை, அதைச் சிலிண்டரிலிருந்து திரவமாக ஏற்றினால்தான் கலவை விகிதம் மாறாது. ஆர்-32 மெதுவாகத் தீப்பிடிக்கக்கூடியது, அதைக் கையாளத் தெரிந்தவர்தான் தொட வேண்டும். வருஷாவருஷம் கேஸ் ஏற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், ஓட்டை எங்கே என்று கேளுங்கள்.

ட்ரெயின் பைப்புக்குத் தனிக் கவனம் கொடுங்கள். இன்டோர் யூனிட்டிலிருந்து வெளியே போகிற வரை அது ஓரிடத்தில்கூட மேலேறக் கூடாது, எங்கும் தொய்ந்து பள்ளம் விழக் கூடாது, நுனி தண்ணீரில் முங்கியிருக்கவும் கூடாது. நிறையப் பேர் வாளிக்குள் நுனியை விட்டுவைப்பார்கள், வாளி நிறைந்து நுனி மூழ்கியதும் பைப்புக்குள் காற்று அடைத்துக்கொண்டு தண்ணீர் சுவர் வழியாக அறைக்குள் இறங்கிவிடும். உள்ளே வழவழவென்று பாசி பிடித்து அடைப்பதும் புழுக்கமான ஊரில் சகஜம். மாதம் ஒருமுறை தட்டில் ஒரு குவளை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து மெதுவாக ஊற்றி, மறுமுனையில் தடையில்லாமல் வருகிறதா என்று பாருங்கள். ப்ளீச், பாத்ரூம் கழுவுகிற திரவம் இதெல்லாம் வேண்டாம், காயிலின் அலுமினியத் தகடுகளை அரித்துவிடும். நன்றாகச் சொட்டிக்கொண்டிருந்த ஏசி புழுக்கமான நாளில் திடீரென்று சொட்டுவதை நிறுத்திவிட்டால் நிம்மதியடையாதீர்கள். பைப் அடைத்திருக்கலாம், காயிலில் ஐஸ் கட்டியிருக்கலாம். ஐஸ் கட்டியிருந்தால் ஃபேன் மோடில் போட்டு முழுக்க உருகவிட்டு, ஃபில்டரையும் ப்ளோயரையும் முதலில் பாருங்கள். கேஸைச் சந்தேகிப்பது அப்புறம்தான்.

அவுட்டோர் யூனிட்டுக்கு மூச்சுவிட இடம் வேண்டும். அது தள்ளுகிற சூடான காற்று எதிர்ச்சுவரில் மோதித் திரும்பி அதற்குள்ளேயே போனால், கேஸை அழுத்திச் சுற்றவிடுகிற கம்ப்ரசர் திணறும். முன்னால் கம்பி வலை, பழைய சாமான், காயப்போட்ட துணி எதுவும் வேண்டாம். எம்சிபியை அணைத்துவிட்டு, பின்பக்கத் தகடுகளில் சாதாரணக் குழாயில் மெதுவாகத் தண்ணீர் விட்டுத் தூசியைக் கழுவலாம், வேகமாகப் பீய்ச்சினால் தகடு மடங்கிவிடும். கடலோரத்தில் இருந்தால் உப்பு படியும் என்பதால் இதை அடிக்கடி செய்யுங்கள். எட்டாத உயரத்தில் மாட்டியிருந்தால் சாய்ந்து எட்டிப் பார்க்காதீர்கள், ஆளைக் கூப்பிடுங்கள். இரண்டு யூனிட்டுக்கும் நடுவே போகிற செம்புக் குழாய்களில் தடியானதுக்கு மட்டும் கறுப்பு உறை போட்டுவிட்டு மெல்லியதை அம்மணமாக விட்டிருந்தால் அதற்கும் போடச் சொல்லுங்கள். பெரும்பாலான ஸ்ப்ளிட் ஏசிகளில் இரண்டு குழாயுமே சில்லென்றுதான் இருக்கும், உறை கிழிந்த இடத்தில் வியர்த்துக் கொட்டும்.

ரிமோட்டுக்கு வருவோம். 18-ல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது தவறு. இன்வெர்ட்டர் இல்லாத, அதாவது கம்ப்ரசர் வேகத்தை மாற்றிக்கொள்ள முடியாத ஏசி எந்த எண்ணில் வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் ஓடும், குறைவாக வைத்தால் நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். 25 அல்லது 26-ல் வைத்துச் சீலிங் ஃபேனை மெதுவாகச் சுற்றவிடுங்கள், காற்று படுகிற உடம்புக்கு இரண்டு டிகிரி குறைவாகத் தோன்றும். மிச்சம் பிடிக்கிறேன் என்று 28-க்கு ஏற்றினால் புழுக்கமான ஊரில் பிரச்சினை வருகிறது. கம்ப்ரசர் அதிக நேரம் நின்றே கிடக்கும், அந்த நேரத்தில் உள் ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தால் காயிலில் நிற்கும் தண்ணீரைத் திரும்ப அறைக்குள்ளேயே ஊதும், சூடு இல்லாமலே கசகசக்கும். முதல் அரை மணி நேரம் ஃபேன் வேகம் அதிகமாக, பிறகு நடுத்தரம் அல்லது குறைவு. வேகம் குறைந்தால் காயில் இன்னும் குளிர்ந்து ஈரத்தை நன்றாகப் பிடிக்கும். மழை நாளில், சூடு அவ்வளவாக இல்லாமல் பிசுபிசுப்பு மட்டும் இருந்தால், ரிமோட்டில் ஈரத்தை இழுப்பதற்கென்றே இருக்கிற ட்ரை மோட் போடுங்கள். கொளுத்துகிற மத்தியானத்துக்கு அது போதாது.

புதிதாக வாங்குபவர்கள், தேவைக்கு மேல் பெரிய டன் வாங்காதீர்கள். பெரிய மிஷின் பத்து நிமிஷத்தில் அறையைக் குளிர்வித்துவிட்டு நின்றுவிடும், ஈரத்தைப் பிழிய அதற்கு நேரமே கிடைக்காது. குளிரில் நடுங்கிக்கொண்டே பிசுபிசுப்பில் படுத்திருக்கிற அறைகள் இப்படித்தான் உருவாகின்றன. கம்ப்ரசர் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு நீண்ட நேரம் ஓடுகிற இன்வெர்ட்டர் வகைதான் நம் மாதிரி ஊருக்கு என் தேர்வு.

ஒரே ஒரு சாமான் வாங்குங்கள் என்றால், வெப்பநிலையோடு ஈரப்பதத்தையும் காட்டுகிற சின்ன மீட்டரைச் சொல்வேன். ஏசி காற்று நேரடியாகப் படாத சுவரில், தலைமாட்டு உயரத்தில் மாட்டுங்கள். ஏசி போட்டு ஒரு மணி நேரத்தில் அது 50-க்கும் 60-க்கும் நடுவே வந்துவிட்டால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. 65-க்குக் கீழே இறங்கவே இல்லையென்றால் ஃபில்டர், ப்ளோயர், கதவுச் சந்து, ட்ரெயின் என்று இதே வரிசையில் பாருங்கள், நான்கும் சரியாக இருந்தால் மட்டும் மெக்கானிக்குக்குப் போன் போடுங்கள்.